நிக்கல் தொட்டியில் பிரைட்னர் ஊற்றுவதற்கு முன்

கேள்வி இது: மதுரை கே.புதூர் பக்கம் ஒரு முலாம் பட்டறை. 200 லிட்டர் நிக்கல் தொட்டி. குத்துவிளக்கு, சொம்பு, பைக் பாகங்கள் எல்லாம் அதே தொட்டியில்தான். சில மாதங்களாக விளிம்புகள் கருகிச் சொரசொரப்பாகின்றன, உட்குழிவுகள் கறுக்கின்றன, அடியில் வெளிர்பச்சைச் சேறு படிகிறது, சில விளக்குகளில் முலாம் தோல் தோலாக உரிகிறது. கடையில் சொன்னபடி பிரைட்னரை, அதாவது பளபளப்பு தரும் மருந்தை, கூட்டியும் தேறவில்லை. ஏன், என்ன செய்வது?

முதலில் பிரைட்னர் ஊற்றுவதை இன்றோடு நிறுத்துங்கள். நீங்கள் சொன்ன நான்கும் ஒரே கோளாறு அல்ல. ஒவ்வொன்றுக்கும் பின்னால் நிக்கலின் ஒரு வேதிவினை இருக்கிறது. அந்த வினை எதுவென்று பிடிபட்டால் மருந்து தானாகத் தெரியும். பெரும்பாலும் அது பிரைட்னரை விட விலை குறைந்ததாகத்தான் இருக்கும்.

தொட்டியில் என்ன இருக்க வேண்டும் என்பதிலிருந்து தொடங்குவோம். இன்றுவரை உலகம் முழுக்க ஓடுவது 1916-ல் அமெரிக்காவில் ஆலிவர் வாட்ஸ் வெளியிட்ட கலவைதான். லிட்டருக்கு நிக்கல் சல்பேட் 240 முதல் 300 கிராம், நிக்கல் குளோரைடு 40 முதல் 60 கிராம், போரிக் ஆசிட் 35 முதல் 45 கிராம். பிஎச் (புளிப்பின் அளவு; எண் குறைந்தால் புளிப்பு அதிகம்) 3.8 முதல் 4.5. சூடு 50 முதல் 60 டிகிரி. உங்கள் 200 லிட்டருக்கு 280 கிராம் கணக்கில் சல்பேட் 56 கிலோ, 50 கிராம் கணக்கில் குளோரைடு 10 கிலோ, 40 கிராம் கணக்கில் போரிக் ஆசிட் 8 கிலோ. இரண்டு உப்புகளும் ஆறு நீர் மூலக்கூறுகளோடு வரும் பச்சைப் படிகங்கள். சல்பேட்டில் 22.3 சதவீதம், குளோரைடில் 24.7 சதவீதம் நிக்கல் உலோகம். ஆக லிட்டருக்குச் சுமார் 75 கிராம் நிக்கல் கரைந்திருக்கும். இந்த 75-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அளக்கும்போது உதவும்.

சல்பேட் என்பது சரக்கு. குளோரைடின் வேலை ஆனோடில், அதாவது பாசிட்டிவில் தொங்கிக் கரையும் நிக்கலில். நிக்கலுக்கு ஒரு குணம் உண்டு: மேலே கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு தோல் போர்த்திக்கொண்டு வினைபுரியாமல் நின்றுவிடும். அடர் நைட்ரிக் ஆசிட்டில் போட்டால்கூட அப்படித்தான் அடைத்துக்கொள்ளும். குளோரைடு அந்தத் தோலைக் குத்தி உடைக்கிறது. குளோரைடு குறைந்தால் ஆனோடு கரைய மறுத்து, அதன் மேல் ஆக்ஸிஜன் குமிழி கிளம்பும். வோல்ட் ஏறும், கரைசலில் நிக்கல் இறங்கும், பிஎச்சும் இறங்கும். ஆனோடைச் சுற்றிய துணிப் பையைத் தூக்கிப் பாருங்கள். ஒழுங்காகக் கரையும் ஆனோடு சீராகச் சாம்பல் நிறத்தில் இருக்கும். பழுப்புக் கறுப்பாக, கரையாமல் பளபளத்தால் குளோரைடைச் சோதியுங்கள். ஆனோடு பரப்பு வேலைப் பரப்பைவிடக் குறைந்திருந்தாலும் இதே நிலைதான்.

இனி கருகலுக்கும் பச்சைச் சேற்றுக்கும் வருவோம். இரண்டுக்கும் வேர் ஒன்று.

கேதோடில், அதாவது உங்கள் விளக்கின் மேல், வரும் மின்சாரத்தில் 93 முதல் 97 சதவீதம் நிக்கலைப் படிய வைக்கிறது. மிச்சம் ஹைட்ரஜனை உண்டாக்குகிறது. ஹைட்ரஜன் அயனி செலவாகும் இடத்தில், விளக்கின் தோலை ஒட்டிய மெல்லிய படலத்தில் மட்டும், பிஎச் ஏறுகிறது. தொட்டியில் 4.2 காட்டும்போதே முனையை ஒட்டி அது 6-ஐத் தாண்டலாம். அங்கே நிக்கல் அயனி ஹைட்ராக்சைடாக மாறும். ஆப்பிள் பச்சை நிறத்தில், கூழ் போன்ற பொருள். அது படிந்து வரும் உலோகத்துக்குள் மாட்டிக்கொள்ளும்போதுதான் கருகலும் சொரசொரப்பும் வருகின்றன. குத்துவிளக்கின் அன்னத்தின் அலகு, தகழியின் ஐந்து முகங்கள், தண்டின் வளைய விளிம்பு, இங்கேதான் மின்சாரம் குவியும். முதலில் கருகுவதும் அங்கேதான்.

போரிக் ஆசிட் இருப்பது இதைத் தடுக்கத்தான். பிஎச் ஏறத் தொடங்கும் இடத்தில் ஹைட்ரஜன் அயனியைக் கொடுத்து அணைபோல் நிற்கும். மின்சாரத்தில் அது செலவாவதில்லை. வேலையோடு ஒட்டி வெளியே போகும் சொட்டுகளில்தான் குறைகிறது. அதனால் கருகல் மெல்ல மெல்லத் தலைகாட்டும், யாரும் கவனிக்க மாட்டார்கள். 30 கிராமுக்குக் கீழே போனால் விளிம்பு கருகும், ஊசிக்குத்துப் போன்ற குழிகள் விழும். சேர்க்கும்போது நேராகத் தூவாதீர்கள், கரையாமல் அடியில் தங்கும். ஒரு ஆனோடு பையில் கட்டிச் சூடான தொட்டியில் தொங்கவிட்டால் தேவையான அளவு கரைந்து இறங்கும்.

அந்தச் சேற்றில் ஒரு ஸ்பூன் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் போட்டு, கொஞ்சம் நல்ல தண்ணீரில் அலசி, தெளிந்த நீரைக் கொட்டிவிட்டு, நீர்த்த சல்ஃபூரிக் ஆசிட் சில சொட்டு விட்டுக் குலுக்குங்கள். முழுதும் கரைந்து தெளிவான பச்சையானால் அது நிக்கல் ஹைட்ராக்சைடு. பிஎச் மேலே ஓடியிருக்கிறது. வெள்ளையாக, ஊசி ஊசியாக எதுவோ கரையாமல் நின்றால் அது கால்சியம் சல்பேட்; உங்கள் தண்ணீரின் வேலை. துருப்பழுப்பில் இருந்து கரைந்து மஞ்சளானால் இரும்பு. மூன்றும் கலந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. உங்கள் தொட்டியில் பைக் பாகங்களும் இறங்குவதால் இரும்பை எதிர்பார்க்கத்தான் வேண்டும்.

தொட்டி நன்றாக ஓடினால் பிஎச் தானாக ஏறும். ஆனோடு 100 சதவீதம் கரைகிறது, கேதோடு 95 சதவீதம்தான் எடுக்கிறது, அந்த வித்தியாசம்தான் காரணம். ஏறுவது நோயில்லை, ஆரோக்கியத்தின் அடையாளம். தினமும் காலையில் அளந்து, 10 சதவீத சல்ஃபூரிக் ஆசிட்டைக் கலக்கியபடியே மெல்ல விட்டு 4.2-க்கு இறக்குங்கள். (ஆசிட்டைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை ஆசிட்டில் ஊற்றக் கூடாது.) தவறி இறங்கிவிட்டால் காஸ்டிக் சோடாவை மட்டும் தொடாதீர்கள். அது விழுந்த இடத்திலேயே நிக்கல் ஹைட்ராக்சைடு கட்டியாகும், பிறகு வடிகட்டியையும் அடைக்கும். நிக்கல் கார்பனேட்டைத் தண்ணீரில் கூழாகக் கரைத்துச் சேர்ப்பதே முறை. கார்பன் டை ஆக்சைடு குமிழியாகப் போய்விடும், மிஞ்சுவது நமக்கு வேண்டிய நிக்கல்தான்.

அடுத்தது குழிவுகளின் கறுப்பு. இது தாமிரம். பித்தளையை இறக்கும் தொட்டியில் சந்தேகம் முதலில் போக வேண்டிய இடமும் அதுதான்.

நிக்கலின் நியம மின்னழுத்தம் (இது கூடிய உலோகம் முதலில் படியும்) மைனஸ் 0.25 வோல்ட். தாமிரத்துக்குப் பிளஸ் 0.34. இவ்வளவு இடைவெளி இருப்பதால் தாமிர அயனி இருந்தால் நிக்கலை முந்திக்கொண்டு படியும். விளிம்பில் நிக்கல் குவியலாக வருவதால் தாமிரம் அதில் மறைந்துவிடும். மின்சாரம் குறைவாகச் சேரும் குழிவில்தான் அதன் பங்கு பெரிதாகி, கறுப்பாக வெளியே தெரியும். லிட்டருக்கு 20, 30 மில்லிகிராம் இருந்தாலே போதும். துத்தநாகமும் குழிவில் கருந்தீற்றல் போடும்; பித்தளையில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன.

எங்கிருந்து வருகிறது? கொக்கி நழுவி அடியில் விழுந்து கிடக்கும் சொம்பு மூடி, திரி தள்ளும் குச்சி போன்றவை. பிஎச் 4-ல் அவை நாள்கணக்கில் கரைந்துகொண்டே இருக்கும். முலாமுக்கு முன் முக்கும் ஆசிட் டிப்பிலிருந்து சரியாக அலசாமல் வரும் வேலை இன்னொரு வழி. மூன்றாவதைப் பலர் பார்ப்பதே இல்லை. தொட்டிக்கு மேலே ஓடும் செம்பு ராடைக் கீழிருந்து நிமிர்ந்து பாருங்கள். ஆனோடு கொக்கி மாட்டும் இடத்தில் நீலப்பச்சை உப்பு பூத்திருக்கும். ஆவியும் தெறிப்பும் பட்டு அது கரைந்து சொட்டுச் சொட்டாகத் தொட்டிக்குள் இறங்குகிறது. வாரம் ஒருமுறை ராடை ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைத் தொட்டிக்கு வெளியே பிழியுங்கள். தொட்டியின் அடியையும் காந்தத்தால் துழாவிப் பாருங்கள். இரும்பு மாட்டும், பித்தளை மாட்டாது. பித்தளைக்குப் பிளாஸ்டிக் கரண்டிதான்.

சேர்ந்துவிட்ட தாமிரத்தை எடுக்க டம்மி அடிக்க வேண்டும், அதாவது வீண் தகடு ஒன்றில் அதைப் படியவைத்து வெளியேற்ற வேண்டும். மடிப்பு மடிப்பாக வளைத்த இரும்புத் தகட்டைச் சுத்தம் செய்து, முதலில் சாதாரண மின்சாரத்தில் ஒரு மெல்லிய நிக்கல் பூச்சு கொடுத்துவிட்டு, டெசிமீட்டர் சதுரத்துக்கு 0.2 முதல் 0.5 ஆம்பியர் வரை மட்டும் வைத்துக் கரைசலைக் கலக்கியபடி ஓட விடுங்கள். தகடு 50 டெசிமீட்டர் சதுரம் என்றால் 0.3 கணக்கில் 15 ஆம்பியர். மடிப்பின் பள்ளத்தில் கறுப்புப் படியும். படிவது கறுப்பிலிருந்து சாம்பலுக்கு மாறும் வரை ஓட வேண்டும். சில மணி நேரமும் ஆகலாம், ஓர் இரவும் ஆகலாம். முடித்ததும் தகட்டைக் கரைசலில் ஊறவிடாதீர்கள், படிந்தது மறுபடி கரையும்.

உரிதலுக்கு ஒரு காரணம் சொல்லலாம்: கரண்ட் போய் வருவது. வேலை தொட்டிக்குள் இருக்கும்போது மின்சாரம் நின்றால், அதுவரை படிந்த பளபள நிக்கல் மேலே நான் முன்பு சொன்ன அதே ஆக்சைடு தோல் வந்துவிடும். கரண்ட் வந்ததும் படியும் இரண்டாம் அடுக்கு அந்தத் தோலின் மேல் உட்காரும். பார்க்கப் பிரமாதமாக இருக்கும். பஃப் அடிக்கும்போது காகிதம்போல் எழும்பும். உரிந்த துண்டை நகத்தால் தூக்கிப் பாருங்கள். அதன் கீழேயும் வெள்ளை நிக்கல் இருந்தால் இதுதான் காரணம். கீழே மஞ்சள் பித்தளை தெரிந்தால் குற்றம் சுத்தம் செய்வதில்.

முதல் வகைக்கு, கரண்ட் நின்றதும் வேலையை வெளியே எடுத்து அலசுங்கள். 10 சதவீத சல்ஃபூரிக் ஆசிட்டில் வேலையை நெகட்டிவில் மாட்டி அரை நிமிடம் மின்சாரம் கொடுத்தால் தோல் போகும். பிறகு ரெக்டிஃபையரை (தொட்டிக்கு டிசி மின்சாரம் தரும் கருவி) ஓடவிட்டபடியே தொட்டியில் இறக்க வேண்டும். பிடிவாதமான உருப்படிகளுக்கு வுட்ஸ் ஸ்ட்ரைக் என்ற மெல்லிய முதல் பூச்சு உண்டு: லிட்டருக்கு நிக்கல் குளோரைடு 240 கிராம், அடர் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் 125 மில்லி, சாதாரண வெப்பம், இரண்டு நிமிடம். அதற்குத் தனித் தொட்டி வேண்டும்.

இரண்டாம் வகையில் வார்ப்புப் பித்தளையைத் தனியாகச் சொல்ல வேண்டும். கடைசல் எளிதாக வருவதற்காக அதில் ஈயம் கலந்திருக்கும். சல்ஃபூரிக் ஆசிட்டில் முக்கினால் மேலே கரையாத ஈய சல்பேட் படலம் விழுகிறது, அதன் மேல் நிக்கல் ஒட்டாது. தகட்டுச் சொம்பு நன்றாக வந்து, வார்ப்பு விளக்கு மட்டும் உரிந்தால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். அதற்கு ஃபுளூபோரிக் ஆசிட் டிப்; இல்லையென்றால் சல்ஃபாமிக் ஆசிட். இரண்டின் ஈய உப்புகளும் கரையும். பஃப் சோப்பு நகாசு வேலையின் இடுக்கில் இறுகிப்போவதும் உண்டு. அலசிய விளக்கின் மேல் தண்ணீர் அரை நிமிடம் முழுப் படலமாக நிற்க வேண்டும், எங்காவது பிரிந்து ஓடினால் அங்கே எண்ணெய் இருக்கிறது.

சயனைடு கரைசலில் செம்பு பூசும் தொட்டி வைத்திருந்தால் இதைக் கண்டிப்பாகக் கேளுங்கள். சயனைடு நிக்கலோடு இறுக்கமான அணைவாகச் சேர்ந்து முலாமைக் கெடுக்கும் என்பது சின்ன விஷயம். ஆசிட்டோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் சயனைடு வாயு, ஆளைக் கொல்லும். இரண்டுக்கும் நடுவில் குறைந்தது இரண்டு அலசல் தொட்டிகள் வேண்டும். அலசல் நீரையோ கழிவையோ ஒன்றாகச் சேர்க்கவே கூடாது.

இப்போது பிரைட்னர். உள்ளே இருப்பது பொதுவாக இரு வகை. சாக்கரின் முதல் வகை, லிட்டருக்கு 1 முதல் 2 கிராம். முலாமுக்கு உள் இழுவிசையைக் குறைத்துப் பதம் கொடுக்கும். பியூட்டைன்டையால் போன்றவை இரண்டாம் வகை, 0.1 முதல் 0.2 கிராம், கண்ணாடிப் பளபளப்பு இதனால்தான். இரண்டாம் வகை கூடினால் முலாம் நொறுங்கும், குழிவில் முலாமே ஏறாமல் போகும். அதாவது நீங்கள் ஊற்றிய மருந்தே உங்கள் நோய்க்குறியைப் பெரிதாக்கியிருக்கலாம். முலாம் பூசிய மெல்லிய தகட்டை மடக்கிப் பாருங்கள். மடிப்பில் நொறுங்கி உதிர்ந்தால் அளவு மீறியிருக்கிறது.

அதற்கு ஒரே வழி கார்பன். கரைசலை வேறு சுத்தமான தொட்டிக்கு மாற்றி 60 டிகிரிக்குச் சூடாக்குங்கள். 30 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு லிட்டருக்கு 2 மில்லி, உங்களுக்கு 400 மில்லி, தண்ணீரில் நீர்க்கக் கலந்து ஊற்றி ஒரு மணி நேரம் கலக்க வேண்டும். கரிமக் குப்பை சிதையும். இரும்பும் மூன்றாம் ஆக்சிஜனேற்ற நிலைக்குப் போகும். நிக்கல் கார்பனேட் கூழ் போட்டுப் பிஎச்சை 5-க்கு ஏற்றினால் இரும்பு ஹைட்ராக்சைடாக வீழ்படியும், நிக்கல் கரைசலிலேயே நிற்கும். பெராக்சைடு போகும்வரை இன்னும் ஒரு மணி நேரம் சூட்டில் வைத்துவிட்டு, ஆக்டிவேட்டட் கார்பன் லிட்டருக்கு 3 கிராம், அதாவது 600 கிராம் போட்டு இரண்டு மணி நேரம் கலக்கி, இரவு தெளியவிட்டு வடிகட்டுங்கள். கார்பன் ஒரு துகள் தப்பினாலும் முலாமில் முள்ளாக நிற்கும். வடிகட்டுவதில் அவசரம் வேண்டாம். பிஎச்சை 4-க்கு இறக்கி, டம்மி அடித்து, பிரைட்னரைப் புதுத் தொட்டிக்குச் சேர்ப்பதுபோல் முதலிலிருந்து சேருங்கள். இனி அளவை நாள்கணக்கில் ஊற்றாமல், ஓடிய ஆம்பியர்-மணிக் கணக்கில் ஊற்ற வேண்டும்.

ஆவியாகும் தண்ணீருக்குப் பதிலாகப் போர் தண்ணீர் விடுகிறீர்களா? மதுரைச் சுற்றுவட்டாரத்தில் அது பெரும்பாலும் உப்புக் கனமானது. கணக்குப் போடுங்கள். லிட்டருக்கு 150 மில்லிகிராம் கால்சியம் உள்ள தண்ணீரைத் தினம் 10 லிட்டர் விட்டால் 1.5 கிராம் உள்ளே போகிறது. ஆவி போகும், கால்சியம் தங்கும். நூறு நாளில் 150 கிராம், உங்கள் தொட்டியில் லிட்டருக்கு 0.75 கிராம். சல்பேட் நிறைந்த சூடான கரைசலில் லிட்டருக்கு அரை கிராமைத் தாண்டினாலே கால்சியம் சல்பேட் ஊசிகளாகப் பிரியும். சூடு ஏறினால் அதன் கரைதிறன் குறைவதால் ஹீட்டரின் மேல்தான் முதலில் படியும். தொட்டிக்கு ஆர்ஓ தண்ணீரோ டிஎம் (உப்பு நீக்கிய) தண்ணீரோ மட்டுமே விடுங்கள். கடைசி அலசலுக்கும் அதுவே நல்லது.

அளப்பதற்குப் பெரிய ஆய்வகம் வேண்டாம். ஒரு பியூரெட், ஒரு 1 மில்லி பிப்பெட் போதும். நிக்கலுக்கு: கரைசல் 1 மில்லி, தண்ணீர் 100 மில்லி, அடர் அமோனியா 10 மில்லி. பச்சை நீலமாகும்; ஆறு அமோனியா மூலக்கூறுகள் தண்ணீரை விலக்கிவிட்டு நிக்கலைச் சூழ்ந்துகொண்டதன் நிறம் அது. மியூரெக்சைடு என்ற நிறங்காட்டி ஒரு சிட்டிகை போட்டால் மஞ்சளாகும். 0.1 மோலார் இடிடிஏ (நிக்கலைப் பிடித்துக்கொள்ளும் சேர்மம்; டைசோடியம் உப்பு லிட்டருக்கு 37.2 கிராம்) விட்டுக்கொண்டே வந்தால் ஊதாவுக்குச் சட்டென்று மாறும். செலவான மில்லியை 5.87-ஆல் பெருக்கினால் லிட்டருக்கு இத்தனை கிராம் நிக்கல். 12.8 மில்லி வந்தால் 75 கிராம், சரியாக இருக்கிறது. போரிக் ஆசிட்டுக்கு: 1 மில்லி கரைசலில் புரோமோகிரெசால் பர்ப்பிள் நிறங்காட்டி சில சொட்டு, மானிட்டால் தூளைக் கூழாகும்வரை, பிறகு 0.1 நார்மல் காஸ்டிக் சோடா. பச்சை மாறி நீல ஊதாவாகும்போது நிறுத்தி 6.18-ஆல் பெருக்குங்கள்.

ஹல் செல் என்ற சிறிய சோதனைத் தொட்டி ஒன்றும் வாங்கி வைப்பது நல்லது. 267 மில்லி கரைசல், 2 ஆம்பியர், 5 நிமிடம். சரிந்து நிற்கும் ஒரே தகட்டில் அதிக மின்சாரம் முதல் குறைந்த மின்சாரம் வரை அத்தனையும் வரிசையாகத் தெரியும். மின்சாரம் அதிகமான ஓரம் கருகினால் போரிக் ஆசிட்டையும் பிஎச்சையும் பாருங்கள், குறைந்த ஓரம் கறுத்தால் தாமிரத்தை.

சித்திரைத் திருவிழாவுக்கும் முகூர்த்த மாதங்களுக்கும் வேலை குவியும்போது ஆம்பியரை ஏற்றத் தோன்றும். கணக்கு இதுதான். 1 ஆம்பியர்-மணிக்கு 1.095 கிராம் நிக்கல் படியும், அதில் 95 சதவீதம் கையில் நிற்கும். 6 டெசிமீட்டர் சதுர விளக்குக்கு 10 மைக்ரான் ஏற்ற 5.3 கிராம் வேண்டும். டெசிமீட்டர் சதுரத்துக்கு 3 ஆம்பியர் வீதம் 18 ஆம்பியரில் 17 நிமிடம். அந்த 3 ஆம்பியரை 6-க்கு ஏற்றினால் பாதி நேரம்தான், ஆனால் கலக்கலும் சூடும் போதாத தொட்டியில் விளிம்பு கட்டாயம் கருகும். இன்னொரு ராடு சேர்த்து ஒரே நேரத்தில் இரண்டு விளக்கு இறக்குவது நல்லது, ரெக்டிஃபையரும் ஆனோடு பரப்பும் அதற்கு இடம் கொடுத்தால்.

வேலை செய்பவரின் கையையும் மூச்சையும் பற்றி: நிக்கல் உப்பு பட்டுப் பட்டுத் தோலில் அரிப்பு ஒருமுறை பிடித்தால் ஆயுளுக்கும் விடாது. நிக்கல் சேர்மங்களை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் தருவதாக உறுதியான பிரிவில், வைத்திருக்கிறது. முழங்கை வரை கையுறையும், தொட்டி ஓரத்தில் ஆவியை இழுக்கும் எக்ஸாஸ்டும் இல்லாமல் யாரையும் வேலைக்கு நிறுத்தாதீர்கள். சம்பளத்துக்கு வரும் பையன்களுக்கு இது தெரியாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அலசல் நீரை வாய்க்காலில் விட்டால் அது வைகை பக்கம்தான் போய்ச் சேரும். வெளியேற்றும் நீரில் நிக்கலுக்கு லிட்டருக்கு 3 மில்லிகிராம் உச்சவரம்பு. குடிநீர்த் தரத்தில் 0.02. தொட்டியில் உங்களுக்கு எதிரியாக இருந்த அதே ஹைட்ராக்சைடு இங்கே நண்பன். அலசல் நீரைத் தனியாகச் சேர்த்து, சுண்ணாம்புப் பால் விட்டுப் பிஎச்சை 10-க்கு ஏற்றிக் கலக்கித் தெளியவிட்டால் நிக்கல் பச்சைச் சேறாக அடியில் இறங்கிவிடும். அமோனியாவோ சிட்ரேட்டோ கலந்திருந்தால் நிக்கலை அவை பிடித்துவைத்துக்கொள்ளும், படியாது. அத்தகைய கழிவைத் தனியே வையுங்கள். தெளிந்த நீரில் 10 மில்லி எடுத்து, சில சொட்டு அமோனியா, ஆல்கஹாலில் கரைத்த 1 சதவீத டைமெத்தில் கிளையாக்ஸைம் அரை மில்லி விட்டுப் பாருங்கள். 1905-ல் ரஷ்ய வேதியியலர் சுகாயெவ் கண்ட சோதனை இது. நிக்கல் இருந்தால் ரோஜாச் சிவப்பு எழும். இளஞ்சிவப்பு தெரிந்தாலே மறுபடி சுண்ணாம்பு. நிறமே தெரியாவிட்டாலும் அங்கீகாரம் பெற்ற லேபில் கொடுத்து எண்ணாக வாங்கி வையுங்கள். பிறகு பிஎச்சை 6.5-க்கும் 8.5-க்கும் நடுவில் கொண்டுவந்து விடலாம். சேற்றைக் காயவைத்து மூட்டையில் கட்டி, அபாயக் கழிவு எடுக்க அனுமதி பெற்றவரிடம் மட்டும் கொடுங்கள். குப்பைத் தொட்டியில் போட்டால் முதல் மழையின் புளிப்பிலேயே அது மறுபடி கரையத் தொடங்கும்.